தபீதாளின் மூன்று டீ

அத்தியாயம் ஆறு

நாலு மணிக்குச் சங்கு ஊதும். அதற்குள் அஞ்சலி ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

தாளில் நான்கு வரி. சாம்பிளை எடுத்தது நான்தான், என் விருப்பப்படி வேலையை விட்டுப் போகிறேன் என்று தட்டச்சு செய்திருந்தது. போட்டால் வேலை போகும். போடாவிட்டால் போலீஸ் வரும். மேனேஜர் சம்பந்தம் வைத்த கெடு அது.

மணி ஒன்று பத்து.

கம்பெனி தாம்பரம் சானடோரியத்தில், ஏற்றுமதி வளாகத்துக்குள் இருந்தது. காது கேளாதவர்களுக்கான கருவி செய்கிறார்கள். சந்தைக்கு வராத புது மாடல் ஒன்றே ஒன்று சாம்பிள் ரூமில் இருந்தது. போன வியாழக்கிழமை, 2004 அக்டோபர் பதினாலு, காலை டீ நேரத்தில் அது காணாமல் போனது. கார்டைத் தேய்த்தால்தான் சாம்பிள் ரூம் கதவு திறக்கும். தேய்த்தவர் பெயர் மேனேஜர் அறைப் பிரிண்டரில் அச்சாகும். அன்று காலை அந்தக் கதவில் ஒரே ஒரு வரி. 10:31, அஞ்சலி.

"அந்த நேரம் நான் டீ லைன்ல நின்னேன்" என்றாள் அஞ்சலி. மேனேஜர் கேட்கவில்லை. கூட வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து துப்பறியும் சாவித்ரியை அழைத்தார்கள்.

சாவித்ரி செங்கல்பட்டு கோர்ட்டில் பதினெட்டு வருடம் சுருக்கெழுத்தராக இருந்தவள். வேலையை விட்ட பிறகும் கையில் நோட்டு இருந்தது. இப்போது அவள் கேன்டீனில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் உதவியாளர் துளசிங்கம். முன்பு ஆட்டோ ஓட்டியவர். ஆட்டோ இன்னும் அவரிடம் இருந்தது. பழைய தொழிலின் வாயும் இருந்தது.

"கேன்டீன் வாசல்லயும் ஒரு கார்டு மிஷின் இருக்கே" என்றாள் சாவித்ரி. "அதோட தாள் எங்கே?"

கேன்டீன் நடத்தும் கோதண்டம் சுவரைக் காட்டினார். ஒரு கம்பியில் தாள்களைக் குத்தி வைத்திருந்தார்.

"யாருமே கேட்டதில்லம்மா. எத்தனை டம்ளர் போச்சுன்னு கடைசி வரியை மட்டும் பார்ப்பேன். மேல இருக்கிறதைப் படிச்சதில்ல."

வியாழக்கிழமை காலைத் தாளை சாவித்ரி உருவினாள். விரல் கீழே இறங்கியது. நின்றது.

10:31, அஞ்சலி.

"ஜெயிச்சிட்டோம் மேடம்" என்றார் துளசிங்கம். "மூணாவது மாடியில சாம்பிள் ரூம். இங்க டீ. நடுவுல மூணு மாடிப் படி, ஒரு மைதானம். ஒரே நிமிஷத்துல ரெண்டு எடத்துல இருக்க அது இன்னா பேயா?"

"ரெண்டு தாள்ல ஒண்ணு பொய். எதுன்னு தாள் சொல்லாது. மேனேஜர் இதைத்தான் பொய்னு சொல்வார்."

அவள் விரல் மறுபடி நகர்ந்தது. தபீதாள். அடுத்த வரி, தபீதாள். அதற்கடுத்த வரி, தபீதாள்.

"இந்தத் தபீதாள் யாரு?"

"பேக்கிங் செக்ஷன்" என்றார் கோதண்டம். "அது ஒரு டம்ளர்லயே பாதியை வச்சிட்டுப் போகும்."

"அன்னிக்கு மூணு டீ குடிச்சிருக்கு."

"வாயா, மோட்டார் குழாயா?" என்றார் துளசிங்கம்.

சாவித்ரி எண்ணினாள். கீழே மகேஷ் இரண்டு முறை. ஜோதிலட்சுமி நான்கு முறை. கடைசி வரியில் மொத்தம் அறுபத்திரண்டு டம்ளர்.

"மொத்தம் சரியா இருந்ததா?"

"டம்ளர் கணக்கு சரிதான். கழுவினவன் நான்."

"எண்ணிக்கை சரி. பேர் மட்டும் தப்பு" என்றாள் சாவித்ரி. நோட்டில் ஒரு கோடு போட்டாள். பிறகு போனை எடுத்தாள்.

எல்லாக் கதவின் கார்டு மிஷினுக்கும் ஒரே ப்ரோக்ராம்தான். அதை எழுதியவன் காலேப். சேலையூர் கேம்ப் ரோட்டில் மாடியில் ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர். தனியாகத் தொழில் செய்பவன்.

"உங்க ப்ரோக்ராம்ல தப்பு வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"சான்ஸே இல்ல மேடம்" என்றது குரல். "பொத்தேரியில ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல இதே ப்ரோக்ராம்தான் ஓடுது. போய் எந்தத் தாளை வேணும்னாலும் பாருங்க. ஒருத்தர் பேர்கூட திரும்பத் திரும்ப வராது."

அவள் நன்றி சொல்லி வைத்தாள். அவன் சொன்னதைச் சொன்னபடி நோட்டில் எழுதினாள்.

"பேர் திரும்ப வருதுன்னு நான் அவர்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள்.

துளசிங்கம் சாவியை எடுத்தார். "பொத்தேரிதானே மேடம்?"

கேட்டுக்கு வெளியே அஞ்சலியின் அம்மா அங்காளம்மா நின்றிருந்தாள். கானத்தூர்க் குப்பத்திலிருந்து காலையிலேயே வந்துவிட்டாள். அன்று மீன் எடுக்கவில்லை.

"எம்மா" என்றாள் சாவித்ரியிடம். "அவளைப் போட்டுட்டு வரச் சொல்லு. வேலை பூட்டா எங்கூட மீன் விப்பா. ஸ்டேஷனுக்குப் போன பொண்ணை யாரு கட்டுவாங்க?"

"நாலு வரைக்கும் பொறுங்க. நான் வர்றதுக்கு முன்னாடி போட வேணாம்னு சொல்லுங்க."

"இன்னா கொண்டாரப் போறே?"

சாவித்ரிக்குத் தெரியவில்லை. ஆட்டோவில் ஏறினாள்.

பெருங்களத்தூரில் பத்து நிமிடம் போனது. வண்டலூரில் ஒரு லாரி குறுக்கே நின்றது. துளசிங்கம் லாரி டிரைவரின் மூன்று தலைமுறையை விசாரித்துவிட்டு மண்ணில் இறக்கி ஓட்டினார். பொத்தேரிக்கு வரும்போது இரண்டே கால்.

ஹாஸ்டல் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே. கம்ப்யூட்டர் பொறுப்பு கிறிஸ்டியிடம். முப்பது வயதுப் பெண். காலையில் பக்கத்துக் கல்லூரியில் சி என்ற கம்ப்யூட்டர் மொழி எடுப்பவள். அவள் மெஸ் தாள்களை எடுத்துப் போட்டாள். சுத்தமாக இருந்தன. எந்தப் பெயரும் இரண்டு முறை இல்லை.

"எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டாள் சாவித்ரி.

கிறிஸ்டி சிரித்தாள். "எங்கே. மே மாசம் வரைக்கும் ஒரே கூத்து. ஒரு பொண்ணு ஒரே காலையில ஏழு பிளேட் இட்லி சாப்பிட்டதா வரும். அவ டயட்ல இருக்கிறவ. வார்டன் ரூமுக்கு வந்து அழுதா. அப்புறம் காலேப்பைக் கூப்பிட்டோம். இதோ, இந்த மிஷின்லயே உக்காந்து சரி பண்ணிட்டுப் போனார்."

"என்ன தப்பு?"

"மெமரி தப்பு. இருங்க, எளிமையாச் சொல்றேன்." கிறிஸ்டி ஒரு காகிதத்தை இழுத்தாள். "கார்டைத் தேய்ச்சதும் ப்ரோக்ராம், பேரெல்லாம் இருக்கிற டேட்டாபேஸ்கிட்ட 'இது யாரு'ன்னு கேக்கும். அதுக்கு லைப்ரரின்னு ரெடிமேடா ஒரு ப்ரோக்ராம் உண்டு. லைப்ரரி பேரைக் கொண்டுவந்து தன்னோட இடத்துல வைக்கும். அது நம்ம இடம் இல்ல. 'வேலை முடிஞ்சது, காலி பண்ணு'ன்னு சொன்னா அந்த இடம் போயிடும். அதுக்கு முன்னாடி நாம தனியா ஒரு இடம் ஒதுக்கி, பேரைக் காப்பி பண்ணிக்கணும். காலேப் அதைப் பண்ணல. பேர் இருந்த இடத்தோட விலாசத்தை மட்டும் குறிச்சுவச்சுக்கிட்டு, காலி பண்ணச் சொல்லிட்டார்."

துளசிங்கம் முன்னால் வந்தார். "லாட்ஜ்ல ஆள் பேரை எழுதாம ரூம் நம்பரை மட்டும் எழுதிக்கின மாதிரி. அவன் வெக்கேட் பண்ணிட்டான். நாம போய்க் கதவைத் தட்டுறோம். அடுத்த பார்ட்டி எட்டிப் பாக்குறான்."

"அதேதான் அண்ணா. நாளைக்கு என் கிளாஸ்ல இதைச் சொல்லப் போறேன்."

"ஆனா கதவைத் தட்ட ஏன் லேட் ஆகுது?" என்றாள் சாவித்ரி.

"தாள்ல உடனே எழுதாது மேடம். அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை மொத்தமா எழுதும். அதுக்குள்ள இன்னொருத்தர் இதே கதவுலயோ வேற கதவுலயோ தேய்ச்சா, அவங்க பேர் அதே இடத்துல வந்து உக்காரும். அப்ப ரெண்டு வரியிலயும் பின்னாடி வந்தவங்க பேர்தான் விழும்."

"சோதிச்சுப் பார்க்கும்போது தெரியலையா?"

"தனியா ஒரு ஆள் ஒரு கார்டை வச்சு சோதிச்சா, காலி பண்ணின இடத்துல பழைய பேர் அப்படியே கிடக்கும். எல்லாம் சரியாத் தெரியும். கூட்டம் வந்தாத்தான் பல்லிளிக்கும்."

சாவித்ரி கண்ணை மூடித் திறந்தாள். டீ நேரம். கேன்டீன் வாசலில் அறுபத்திரண்டு பேர். மூன்றாம் மாடியில் யாரோ ஒருவர் கதவைத் திறக்கிறார். அடுத்த நொடி வரிசையில் நிற்கும் அஞ்சலி கார்டைத் தேய்க்கிறாள். இரண்டு கதவிலும் அஞ்சலி.

"முடிஞ்சுது" என்றார் துளசிங்கம். "மிஷின் தப்பு. பொண்ணு தப்பு இல்ல. வா மேடம், போலாம்."

"அவர் திருத்தின ஃபைலைப் பார்க்க முடியுமா?"

"அழிக்காம விட்டுட்டுப் போயிருக்கார்." கிறிஸ்டி திரையைத் திருப்பினாள். "இங்கே பாருங்க. திருத்தினா மேலயே தேதியும் பேரும் எழுதி வைக்கிறது எங்க வழக்கம். பின்னாடி நாமே மறந்துடுவோம் இல்லையா."

ஆங்கிலத்தில் இருந்ததைக் கிறிஸ்டி தமிழில் சொன்னாள். "ஜூன் பதினொண்ணு. காலி பண்றதுக்கு முன்னாடி பேரைக் காப்பி எடுக்கிறேன். காலேப்."

"கீழே இன்னொரு வரி இருக்கே."

கிறிஸ்டி குனிந்தாள். "ஜூன் பதினாலு. சானடோரியம் கம்பெனியிலயும் மாத்தியாச்சு."

சாவித்ரி அந்த வரியை நோட்டில் எழுதினாள்.

"அப்படின்னா..." என்றார் துளசிங்கம்.

சாவித்ரி சொன்னாள். "கம்பெனியில ஜூன்லயே சரியாயிடுச்சு. அப்ப அக்டோபர்ல வந்த வரி உண்மை. சாம்பிள் ரூமைத் திறந்தது அஞ்சலி."

போன் அடித்தது. சம்பந்தம்.

"எங்கே இருக்கீங்க? காலேப் இங்கே வந்திருக்கார். ப்ரோக்ராம்ல ஜூன் மாசத்துக்கு அப்புறம் ஒரு குறையும் கிடையாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார். பொண்ணோட அம்மாவும் போட்டுடுன்னு அழுறாங்க. இன்னும் நான் காத்திருக்கணுமா?"

"சொன்ன நேரம் நாலு" என்றாள் சாவித்ரி. வைத்தாள்.

மணி இரண்டு ஐம்பது.

கிறிஸ்டி அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தாள். ஆட்டோ கிளம்பியது. ஊரப்பாக்கம் தாண்டியது.

"மேடம்" என்றார் துளசிங்கம். "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தா திருடி மாதிரி இல்ல."

"மூஞ்சியைக் கோர்ட்டுல தாக்கல் பண்ண முடியாது."

"அப்ப தபீதாளை இன்னா பண்றது? ஜூன்லயே மிஷின் திருந்திடுச்சுன்னா அந்தம்மா எப்படி மூணு டீ குடிச்சுது?"

சாவித்ரி அவர் முதுகைப் பார்த்தாள்.

"மறுபடி சொல்லுங்க."

"இன்னாத்த?"

"அந்தத் தப்பு ஜூன்ல செத்துது. வியாழக்கிழமை எழுந்து வந்து டீ குடிச்சிருக்கு." அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "எத்தனை நாள் உயிரோட இருந்துதுன்னு தெரியணும். கம்பியில மிச்சத் தாளும் இருக்கு. வேகமாப் போங்க."

"இதுக்கு மேல வேகம்னா ரெக்கை வைக்கணும்" என்றார் துளசிங்கம். ஆனால் ஓட்டினார்.

கேன்டீனுக்குள் நுழைந்தபோது மூன்று நாற்பத்தொன்று. மாலை டீ முடிகிற நேரம். கோதண்டம் டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்தார். சாவித்ரி கம்பியிலிருந்து தாள்களை மொத்தமாக உருவி மேஜையில் பரப்பினாள்.

புதன்கிழமை. எந்தப் பெயரும் திரும்ப வரவில்லை. வெள்ளி. சுத்தம். சனி. சுத்தம். செப்டம்பர் முழுவதும் சுத்தம். தபீதாள் தினம் ஒரு டீ.

"வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும்தானா?" என்றார் துளசிங்கம்.

சாவித்ரி இன்னொரு தாளைத் தள்ளினாள். வியாழக்கிழமை மாலை டீ. அதுவும் சுத்தம்.

"ஒரு நாள்கூட இல்ல. அரை நாள்."

துளசிங்கம் தாளையே பார்த்தார். "தப்பு தானா வரும் மேடம். தானா போவாது."

"கேட் நோட்டைப் பார்த்துட்டு வாங்க. வியாழக்கிழமை காலை வெளியாள் யாரு வந்தாங்க. அது கையால எழுதறது. அதுல பேர் மாறாது."

அவர் ஓடினார். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. ஆனால் சிரித்தார்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு சாவித்ரி மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள்.

அஞ்சலி மேஜை முன் நின்றிருந்தாள். பேனா அவள் கையில் இருந்தது. அங்காளம்மா சுவரோரம். காலேப் நாற்காலியில். முப்பத்திரண்டு வயது, இஸ்திரி போட்ட சட்டை, மடியில் பை.

"பேனாவை வச்சிடும்மா" என்றாள் சாவித்ரி.

அஞ்சலி வைத்தாள்.

சாவித்ரி காலேப்பிடம் திரும்பினாள். "ஜூனுக்கு அப்புறம் ப்ரோக்ராம்ல குறை இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"ஆமா மேடம்."

"உண்மைதான். பொத்தேரியில நீங்க எழுதின தேதியைப் பார்த்தேன். இங்கயும் ஜூன் பதினாலுல சரி பண்ணியாச்சு." அவள் வியாழக்கிழமைக் காலைத் தாளை மேஜையில் வைத்தாள். "இதுல தபீதாளுக்கு மூணு டீ. ஜோதிலட்சுமிக்கு நாலு."

காலேப் தாளைப் பார்த்தான். எடுக்கவில்லை.

"பழைய தப்பு, சார்" என்றாள் சம்பந்தத்திடம். "இந்தத் தப்பு இருந்தா ரெண்டு கதவு ஒண்ணா திறக்கும்போது முதல் ஆள் பேர் அழிஞ்சு அடுத்த ஆள் பேர் விழும். சாம்பிள் ரூமைத் திறந்தது வேற ஒருத்தர். அடுத்ததா டீ லைன்ல தேய்ச்சது அஞ்சலி."

"அப்ப இது விபத்தா?" என்றார் சம்பந்தம்.

காலேப் வேகமாகத் தலையை ஆட்டினான். "இருக்கலாம் சார். சர்வீஸுக்கு வந்தப்போ தெரியாம பழைய வெர்ஷனைப் போட்டிருப்பேன். மனுஷன்தானே. ஸாரி."

"போட்டது தெரியாமன்னு வச்சுக்குவோம்." சாவித்ரி இரண்டாவது தாளை வைத்தாள். "இது அதே நாள் சாயங்காலம். சுத்தமா இருக்கு. எடுத்ததும் தெரியாமத்தானா?"

சாவித்ரி நோட்டைத் திறந்தாள்.

"கேட் நோட்டுல நீங்க காலை பத்து அஞ்சுக்கு உள்ளே. பத்து அம்பதுக்கு வெளியே. நாலு மாசமா இல்லாத தப்பு நீங்க வந்ததும் வந்துது. போனதும் போச்சு."

"மாமியார் வூட்டுக்கு வந்த மாப்பிள்ளை கணக்கா" என்றார் துளசிங்கம்.

"தன் கார்டு வரியை அழிச்சிருக்கலாமே" என்றார் சம்பந்தம். குரல் இறங்கியிருந்தது. "இவ்வளவு சுத்தி எதுக்கு?"

"வரி இல்லைன்னா நீங்க தேடுவீங்க. ஒரு பேர் இருந்தா தேட மாட்டீங்க. மாட்டினாலும் தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லிக்கலாம். இப்ப சொன்ன மாதிரி."

சம்பந்தம் காலேப்பைப் பார்த்தார். "சாம்பிள் எங்கே?"

காலேப் பையின் வாரை விரலில் சுற்றினான். பிரித்தான். மறுபடி சுற்றினான்.

"வேற கம்பெனிக்குக் கொடுத்தாச்சு சார்" என்றான்.

துளசிங்கம் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டார்.

சம்பந்தம் போனை எடுத்து போலீஸ் ஸ்டேஷன் நம்பரைச் சுற்றினார். இரண்டு வார்த்தை பேசினார். வைத்தார். பிறகு அஞ்சலி முன்னால் இருந்த தாளை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"நாளைக்கு வழக்கம்போல வந்துடும்மா."

அஞ்சலி நகரவில்லை.

"ஜூன்லதான் சரி பண்ணாங்களா?" என்றாள்.

"ஆமா."

"என்கூட வேலை செஞ்ச பட்டு அக்கா ஏப்ரல்ல இதே மேஜையில கையெழுத்துப் போட்டாங்க. ரெண்டு சாம்பிள் குறையுதுன்னு. அதுவும் டீ டைம்தான். அந்தத் தாளும் இந்த மிஷின்தான் குடுத்துது."

சம்பந்தம் அவளைப் பார்க்கவில்லை. காலேப்பைப் பார்த்தார். காலேப் தரையைப் பார்த்தான்.

"அதைப் பார்த்துதான் கத்துக்கிட்டீங்களா?" என்று சாவித்ரி கேட்டாள். "பேர் விழுந்தா போதும், இங்கே யாரும் சரிபார்க்க மாட்டாங்கன்னு?"



சுவரோரம் அங்காளம்மா அசைந்தாள்.

"பட்டு எங்க குப்பந்தான்" என்றாள். "எங்க வூட்லேர்ந்து மூணாவது வூடு. அன்னிலேர்ந்து அது வாசல நான் மிதிக்கல. அதுங்கூட தண்ணி புடிக்க நிக்காதேன்னு இவகிட்ட சொன்னேன். எடுக்காதவ ஏன் கையெழுத்துப் போட்டான்னு ஊரெல்லாம் கேட்டேன்."

அவள் மேஜைக்கு வந்தாள்.

"அந்தக் காயிதத்தைக் குடு சார்."

"எந்தக் காகிதம்?"

"பட்டு போட்டது."

"அது ஆபீஸ் ரெக்கார்டும்மா. வெளியே கொடுக்க முடியாது."

அங்காளம்மா கையை நீட்டினாள். செதில் உரசி உரசித் தேய்ந்த உள்ளங்கை. சங்கு ஊதியது. வெளியே ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் கையை இறக்கவில்லை.

சம்பந்தம் இழுப்பறையின் சாவியைத் தேடத் தொடங்கினார்.